கோடையில் நாயோடு மலைமுகட்டு நடை: சேர்வராயன் மேட்டுக்குக் கூட்டிப் போகலாமா?

2025 ஏப்ரல் 9, இரவு 9.40 (கேள்வி)

மே முதல் வாரம் ஏற்காடு போகிறோம். ஏரிப் பக்கம் தங்கி, அங்கிருந்து சேர்வராயன் கோயில் மேடு வரை நடந்தே போய் வரலாம் என்று திட்டம். வீட்டில் கறுப்பு லாப்ரடார், ஐந்து வயது, 36 கிலோ. சேலத்து வெயிலில் அவன் நாள் முழுக்க ஃபேனுக்கு அடியிலேயே கிடக்கிறான். மேலே காற்றாவது குளுகுளு என்று இருக்குமே என்று பார்க்கிறேன். காலை டிபன் முடித்துக் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம். மலைதானே, வெயில் ஒன்றும் செய்யாது இல்லையா? நாயோடு போனவர்கள் சொல்லுங்கள்.

ஏப்ரல் 9, இரவு 10.25 (பதில்)

அந்த நேரத்துக்கு வேண்டாம். டிபன் முடித்துக் கிளம்புவது என்றால் ஒன்பதரை ஆகும். எஸ்டேட் பகுதியில் சில்வர் ஓக் நிழல் இருக்கும், அதுவரை வெயில் தெரியாது. கோயில் மேட்டில் ஏறும்போது பதினொன்று ஆகிவிடும். மேலே புல்லும் செம்மண் கல்லும்தான், ஒதுங்க மரமில்லை. திரும்பும் வழி உச்சி வெயிலில், கொதிக்கிற தார்ச்சாலையில். நமக்குச் செருப்பு இருக்கிறது, அவனுக்கு இல்லை.

போக வேண்டும் என்றால் விடியும்போது நடக்கத் தொடங்கி எட்டரைக்குள் அறைக்கு வந்துவிடுங்கள். இல்லையென்றால் அவனை இந்த முறை விட்டுவிடுங்கள்.

ஏப்ரல் 10, காலை 6.50

“மலை குளுமை” என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறரை டிகிரி குறையும். சேலம் 280 மீட்டர் சுமார், ஏற்காடு 1,500 மீட்டர் சுமார். ஆக, கீழே 38 என்றால் மேலே 30. நமக்கு அது சுகம்தான். வியர்க்கிறது, காற்று அடிக்கிறது, உடம்பு ஆறுகிறது. நாய்க்கு உடம்பில் வியர்வை கிடையாது, பாதத்தில் மட்டும் கொஞ்சம். மற்றதெல்லாம் மூச்சிரைப்பில்தான் ஆற வேண்டும். அதனால் முகட்டுக் காற்று நமக்குத் தருகிற சுகத்தில் கால்வாசிகூட அதற்குக் கிடைப்பதில்லை. “ஆகா, என்ன காற்று” என்று நாம் கையை விரித்து நிற்கிற அதே இடத்தில் அது உள்ளுக்குள் வெந்துகொண்டிருக்கலாம்.

30 டிகிரி என்பது நிழலில் அளந்த காற்றின் சூடு. வெயிலில் கிடக்கும் பாறையின் சூடு வேறு. நம் முகம் ஐந்தடி உயரத்தில் இருக்கிறது, நாயின் வயிறு தரையிலிருந்து ஒன்றரை அடி. அது நடப்பது கல்லின் வெக்கையில். அதோடு கறுப்பு ரோமம், 36 கிலோ எடை. உங்கள் பையன் மெலிந்தவன் இல்லை என்று நினைக்கிறேன். எடை கூடிய நாய்க்குச் சூடு சீக்கிரம் ஏறும், மெதுவாகத்தான் இறங்கும்.

ஏப்ரல் 10, இரவு 8.15

“நாட்டு நாய் என்றால் பயமில்லை, அது இந்த வெயிலிலேயே பிறந்து வளர்ந்தது” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இதைப் பலர் நம்புகிறார்கள், அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

என் செவலை தெருவில் பிறந்தவன். மெலிந்த உடம்பு, நீண்ட மூக்கு, குட்டை ரோமம். வெயில் தாங்குவதில் லாப்ரடாரைவிட அவன் கெட்டிதான். ஆனால் தெரு நாய் வெயிலைத் தாங்குவது எப்படி என்று உங்கள் தெருவிலேயே பாருங்கள். பத்து மணிக்கு மேல் காருக்கு அடியில், சாக்கடை ஓரத்து ஈர மண்ணில், டீக்கடைப் பெஞ்சுக்குக் கீழே படுத்திருக்கும். நாலு மணி வரைக்கும் எழுந்திருக்காது. வெயிலுக்கு ஒதுங்கத் தெரிந்ததுதான் அதன் தெம்பு. அதே நாயைக் கயிற்றில் கட்டிப் பதினொரு மணிக்கு முகட்டில் நடத்தினால் அந்தத் தெம்பை நாமே பிடுங்கிக்கொள்கிறோம்.

சிப்பிப்பாறை, கன்னி வகை நாய் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. இவை முயலை விரட்டும் ஓட்டத்துக்கு ஏற்ற உடம்பு. சில நிமிட ஓட்டத்தில் உடம்புச் சூடு ஜிவ்வென்று ஏறிவிடும். முகட்டில் ஒரு முயலோ மயிலோ குறுக்கே போனால் அதன் பின்னால் ஓடிவிட்டு வந்து நிற்கிற நாய், நீங்கள் நடத்திக்கொண்டு வந்த நாய் இல்லை. அரை மணி நிழலில் போட்டுவிட்டுத்தான் அடுத்த அடி.

ராஜபாளையம் நாய்க்கு வேறு தொல்லை. வெள்ளை ரோமத்துக்கு அடியில் ரோஜா நிறத் தோல், மூக்கும் அதே நிறம். மலை உயரத்து வெயிலில் மூக்கும் காது மடலும் வெந்து தோல் உரியும். பக், புல்டாக், ஷி ட்ஸு போன்ற சப்பை மூக்கு நாய்களுக்குக் கோடை முகட்டு நடையே கிடையாது, விடியற்காலையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ஏப்ரல் 13, மாலை 5.30

சித்திரையில் நம் ஊர்ப் பக்கம் நடக்கும் ஒரு சங்கதி. சேலம், ஏற்காடு இருக்கிற அட்சரேகையில் ஏப்ரல் 20-ஐ ஒட்டிய சில நாட்களில் சூரியன் நடுப்பகலில் நேர் உச்சிக்கு வரும். கம்பம் நட்டால் நிழல் விழாது. நிழலில்லா நாள் என்று பள்ளிகளில் காட்டுவது இதைத்தான். மே முதல் வாரத்திலும் பெரிதாக மாறிவிடாது. மார்கழியில் ஒரு பாறையின் வடபக்கம் உட்கார்ந்தால் நடுப்பகலிலும் நிழல் உண்டு. சித்திரையில் அதே பாறைக்கு நாலு பக்கமும் வெயில்தான்.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்வதற்கு முன்பே செவலை காட்டிக்கொடுத்தான். காலையில் முகட்டின் மேல் நடக்கும்போது என் நிழல் நீளமாக மேற்கே விழும். அவன் சரியாக அதற்குள்ளேயே நடப்பான். நான் வலப்பக்கம் நகர்ந்தால் அவனும் நகர்வான். நேரம் ஏற ஏற நிழல் சுருங்கும், அவனும் நெருங்கி வருவான். ஒருநாள் பத்தரை தாண்டியதும் மூக்கு என் கெண்டைக்காலில் இடிக்கிற அளவுக்கு வந்துவிட்டான். நான் நின்றால் என் இரண்டு காலுக்கும் நடுவே தலையை மட்டும் நுழைத்துக்கொண்டு நிற்பான். முதுகு முழுக்க வெயிலில். கையை வைத்துப் பார்த்தேன், ரோமம் சுட்டது. கோயில் எதிரே கண்ணுக்குத் தெரிந்தது. திரும்பிவிட்டோம்.

அன்றிலிருந்து எனக்குக் கடிகாரம் அதுதான். நாய் என் நிழலைத் தேடத் தொடங்கினால் திரும்புவது.

ஏப்ரல் 13, இரவு 9.05

“அவன் சோர்ந்தால் உட்கார்ந்துவிடுவானே, அப்போது திரும்பலாமே” என்று கேட்டிருக்கிறீர்கள். உட்கார மாட்டான். லாப்ரடார் குறிப்பாக உட்காராது. நீங்கள் முன்னால் போகிறீர்கள் என்றால் அது பின்னால் வரும், விழுகிற வரைக்கும் வரும். பிரிட்டனில் அரச கால்நடை மருத்துவக் கல்லூரியினர் லட்சக்கணக்கான நாய்களின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்து 2020-இல் வெளியிட்டார்கள். வெப்ப பாதிப்புக்கு ஆளான நாய்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு, நடை, ஓட்டம், விளையாட்டு என்று உடம்பை வருத்தியதால் விழுந்தவை. பூட்டிய காரில் மாட்டியவை அதைவிட மிகக் குறைவு. அந்தக் குளிர்நாட்டு நிலவரமே அப்படி.

அதனால் காரில் விடலாம் என்று யாரும் புறப்பட வேண்டாம். “கோயிலுக்குள் போய்வரும் வரை கார் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிட்டு உள்ளே விடலாமா” என்று ஒருவர் தனியாகக் கேட்டார். வெளியே 24 டிகிரி இருந்தாலே அரை மணியில் கார் உள்ளே 40-ஐத் தாண்டும். கண்ணாடியை இரண்டு விரல் இறக்குவதால் ஒன்றும் ஆகாது. சேர்வராயன் சன்னதி குகைக்குள், குனிந்து போகிற இடம், வரிசை நகர நேரமாகும். ஒருவர் நாயோடு வெளியே நிழலில் இருங்கள், மற்றவர்கள் முறை வைத்துப் போய் வாருங்கள். மே மாதத்தில் திருவிழாவும் வரும். கூட்டமும் மேளமுமாக இருக்கும் நாளில் நாயை மேட்டுக்கே கொண்டுபோகாதீர்கள்.

ஏப்ரல் 16, இரவு 10.40

நாயைக் கயிற்றில் கட்டி நடத்துவதா, அவிழ்த்து விடுவதா என்று இரண்டு கட்சியாகச் சண்டை போட்டிருக்கிறீர்கள். எனக்கும் மனது இரண்டு பக்கமும் போய்வந்த விஷயம்தான்.

அவிழ்த்து விடச் சொல்கிறவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. அவிழ்த்த நாய் தானே நிழலுக்கு ஒதுங்கும், ஈர மண்ணைப் பறித்து வயிற்றை வைத்துப் படுக்கும், தன் வேகத்தில் வரும். கட்டிய நாய்க்கு நம் வேகம்தான் விதி.

ஆனால் ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களில் காட்டெருமை நடமாட்டம் உண்டு. நாய் அதைப் பார்த்தால் குரைக்கும். குரைத்தால் அது திரும்பும். அது திரும்பினால் நாய் எங்கே ஓடி வரும்? உங்களிடம்தான். பின்னாலேயே ஒரு டன் எருமை. வளர்ப்பு நாயின் நோய் காட்டுக்குப் போவதும் சின்ன விஷயமில்லை. 2018-இல் கிர் காட்டில் சிங்கங்கள் செத்தபோது நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர் வைரஸ் அவற்றின் உடலில் இருந்ததைக் கண்டார்கள். தடுப்பூசி போடாத நாயைக் காட்டோரம் கொண்டுபோகவே கூடாது.

ஆகவே என் முடிவு: கயிறு கட்டாயம். கட்டிவிட்டோம் என்றால் ஒதுங்குகிற முடிவை அதனிடமிருந்து எடுத்துக்கொண்டோம் என்று அர்த்தம். அதற்காக அந்த முடிவை நாம் எடுக்க வேண்டும், அதுவும் அது எடுத்திருக்கக்கூடியதைவிடச் சீக்கிரமாக. அது இழுக்காவிட்டாலும் கால் மணிக்கு ஒருமுறை நிழலில் நிறுத்துங்கள். கழுத்துப் பட்டை வேண்டாம், மார்புப் பட்டை போடுங்கள். மூச்சிரைக்கிற நாயின் தொண்டையை அமுக்கக் கூடாது.

இன்னொன்று. காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதியில்லாமல் நாயோடும் போகக் கூடாது, நாயில்லாமலும் போகக் கூடாது. 2018 மார்ச்சில் குரங்கணித் தீயில் மலையேறப் போனவர்கள் 23 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் விதிகள் இறுகின. காய்ந்த புல் முகட்டில் கோடைத்தீ என்ன வேகத்தில் ஏறும் என்பதை நினைத்துப் பார்த்தால் அந்த விதிகள் கடுமை என்று தோன்றாது. பொதுச்சாலை, எஸ்டேட்காரர் சம்மதித்த வழி, கோயில் பாதை, இவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஏப்ரல் 17, காலை 7.00

தண்ணீர். சும்மா இருக்கும் நாய்க்கே நாளைக்குக் கிலோவுக்கு 50 மில்லிக்கு மேல் வேண்டும். 36 கிலோவுக்கு இரண்டு லிட்டர் வந்துவிட்டது. நடைக்கு அவனுக்கென்று தனியாக இரண்டு லிட்டராவது தூக்குங்கள், உங்களுக்குத் தனி. வழியில் ஓடை இருக்கும் என்று நம்பி இறங்காதீர்கள், கோடையில் கிளியூர் அருவியே நூலாகத்தான் வடியும். கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி கொடுங்கள். மொத்தமாகக் குடித்துவிட்டு ஓடினால் பெரிய மார்பு உள்ள நாய்களுக்கு வயிறு உப்பிப் புரளும் ஆபத்து இருக்கிறது. ஓஆர்எஸ், குளுக்கோஸ் எல்லாம் வேண்டாம். நமக்கு வியர்வையில் உப்புப் போகிறது, நாய் இழப்பது பெரும்பாலும் வெறும் தண்ணீர்.

கட்டுச்சோற்றில் வெங்காயம் சேர்ந்ததைக் கொடுக்காதீர்கள். உலர் திராட்சை கூடவே கூடாது, சிறுநீரகத்தைக் கெடுக்கும். பிள்ளைகள் கையில் முந்திரி திராட்சைப் பொட்டலம் இருந்தால் முதலிலேயே சொல்லிவையுங்கள், பாசத்தில் ஊட்டிவிடுவார்கள்.

இருபது கொண்டை ஊசி வளைவில் வாந்தி எடுத்துவிட்டு இறங்குகிற நாயை அன்றைக்கே நடத்தாதீர்கள். மறுநாள் காலை போங்கள்.

ஏப்ரல் 17, காலை 7.20

தரை சூடு பார்க்க: புறங்கையைத் தரையில் வைத்து ஏழு எண்ணுங்கள். முடியவில்லை என்றால் அதன் பாதத்துக்கும் முடியாது.

ஏப்ரல் 21, இரவு 9.30

ஆபத்து வந்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்டவருக்கு.

முதலில் நாக்கைப் பாருங்கள். சாதாரணமாக இரைக்கும் நாயின் நாக்கு பக்கவாட்டில் தொங்கும். சூடு ஏறினால் நுனி கரண்டி போல அகன்று, ஓரம் மேலே சுருளும். எச்சில் தண்ணீராக இருந்தது கெட்டியாகிக் கயிறாகத் தொங்கும். ஈறு செங்கல் நிறம். கூப்பிட்டால் திரும்பாது, கால் பின்னும். இந்த இடத்தில் “இன்னும் கொஞ்ச தூரம்தான்” என்ற பேச்சே வரக் கூடாது.

நாயின் இயல்பான சூடு 101 முதல் 102.5 ஃபாரன்ஹீட். 105-ஐத் தாண்டினால் ஆபத்து. 106-க்கு மேல் குடல், சிறுநீரகம், ரத்தம் உறைகிற தன்மை எல்லாம் கெட ஆரம்பிக்கும். அப்போது தூக்கிக்கொண்டு காருக்கு ஓடுவதல்ல முதல் வேலை. முதலில் அங்கேயே குளிர வைக்க வேண்டும், பிறகுதான் வண்டி. இருக்கிற தண்ணீரையெல்லாம் உடம்பில் ஊற்றுங்கள். வயிறு, தொடையிடுக்கு, அக்குள், ரோமத்துக்கு அடியில் தோல் நனைகிற மாதிரி. துண்டால் விசிறிக்கொண்டே இருங்கள், ஆவியாகும்போதுதான் சூடு இறங்கும். ஈரத்துண்டைப் போர்த்தி மூடி வைக்காதீர்கள், அது சூட்டை உள்ளேயே பிடித்துவைக்கும். “சில்லென்ற தண்ணீர் ஊற்றினால் அதிர்ச்சியில் செத்துவிடும்” என்று பழைய பேச்சு ஒன்று உண்டு. அதை நம்பித் தண்ணீர் சூடாகட்டும் என்று காத்திருக்காதீர்கள். கையில் இருப்பது எந்தத் தண்ணீரோ அதை ஊற்றுங்கள். நினைவில்லாத நாயின் வாயில் மட்டும் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குப் போய்விடும். தெர்மாமீட்டர் இருந்தால் 103-க்கு வந்ததும் நிறுத்துங்கள்.

எழுந்து வாலை ஆட்டினாலும் மருத்துவரிடம் காட்டுங்கள். சிறுநீரகமும் ரத்தமும் கெட்டது ஓரிரு நாள் கழித்துத்தான் தெரியும். ஏற்காட்டிலிருந்து சேலம் இறங்க 30 கிலோமீட்டர், அதிலும் வளைவுகள். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி இன்னும் ஐம்பது. எந்த மருத்துவர் எத்தனை மணிக்கு இருப்பார் என்பதைப் புறப்படுவதற்கு முன்பே கேட்டு எழுதி வையுங்கள்.

ஏப்ரல் 24, இரவு 8.50

“ஆடு மேய்ப்பவர்கள் நாயோடு நாள் முழுக்க மலையில் திரிகிறார்களே” என்றவருக்கு. அவர்களோடு ஒரு பகல் இருந்து பாருங்கள். விடிந்ததும் பற்றிவிடுவார்கள். பத்துப் பத்தரைக்கு ஆட்டைத் தண்ணீர் காட்டி மரத்தடியில் மடக்கிவிடுவார்கள். ஆடும் படுக்கும், நாயும் படுக்கும், ஆளும் துண்டை விரித்துப் படுப்பார். வெயில் சாய்ந்த பிறகுதான் மறுபடி மேய்ச்சல். நான் எட்டரைக்குத் திரும்பச் சொல்வதும் ஏறக்குறைய அவர்கள் வழிதான்.

நாயை மதிக்கிற பழக்கம் இந்தப் பக்கத்து மேய்ச்சல் காட்டுக்குப் பழையது. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் ஒரு நடுகல் இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டு, முதலாம் மகேந்திரவர்மன் காலம். தொறுப் பூசலில், அதாவது கால்நடைகளுக்காக நடந்த சண்டையில், இறந்த கருந்தேவக்கத்திக்கு எடுத்தது. கல்லில் வீரனோடு அவன் நாயும் நிற்கிறது. எழுத்திலும் நாய்க்கு இடம் உண்டு. கோவிவன் என்னும் நாய், இரண்டு கள்ளரைக் கடித்துக் காத்து நின்றது என்று பெயரோடு பொறித்திருக்கிறார்கள். அந்தப் பக்கம் போகிறவர்கள் ஒரு எட்டுப் போய்ப் பார்த்து வாருங்கள். 1,400 வருடத்துக்கு முந்தைய நாயின் பெயர் நமக்குத் தெரியும் என்பது எனக்குப் பெரிய விஷயம்.

நடுகல்லில் நாய்க்குக் கயிறு இல்லையே என்று எழுதியவரே, கேள்வி நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த நாய் வேலைக்குப் போனது, உங்களுடையது டூருக்குப் போகிறது.

ஏப்ரல் 29, மாலை 6.10

மேலே எட்டரை என்று சொன்னது வறண்ட காலைக்கு. நேற்றிலிருந்து மலையில் கோடை மழை பெய்கிறது, அதனால் ஒன்று கூட்டிச் சொல்ல வேண்டும். மழைக்கு மறுநாள் காற்றில் ஈரம் ஏறியிருக்கும். காற்றில் ஈரம் இருந்தால் நாக்கில் உள்ள ஈரம் ஆவியாகாது, மூச்சிரைப்பு வேலை செய்யாது. 26 டிகிரியாக இருந்தாலும் நாய் திணறும். மேகமூட்டமாக இருக்கிறதே என்று பத்து மணி வரை நீட்டாதீர்கள். அப்படிப்பட்ட நாளில் தூரத்தைப் பாதியாக்குங்கள்.

இடி கேட்டால் முகட்டிலிருந்து உடனே இறங்குங்கள். சித்திரை, வைகாசி மழை மதியத்துக்கு மேல் மின்னலோடுதான் வரும். அந்த மொட்டை மேட்டில் உயரமாக நிற்பது நீங்களும் நாயும் மட்டும்.

நீள ரோமம் உள்ள நாய்க்கு மொட்டை அடிக்கலாமா என்றால், பொமரேனியன், கோல்டன் ரெட்ரீவருக்கு அடிக்காதீர்கள். அடி ரோமத்தைச் சீப்பால் வாரி எடுங்கள், போதும். மேல் ரோமம் வெயிலைத் தடுக்கிறது.

மே 5, பகல் 11.15 (கேள்வி கேட்டவர் எழுதியது)

அண்ணா, இன்று போனோம். ஐந்தே முக்காலுக்குக் கிளம்பினோம். எஸ்டேட் நிழல் முடிகிற இடம் வரைக்கும் உற்சாகமாக வந்தான். வெட்டவெளி ஏற்றம் தொடங்கியதும் மனைவியின் நிழலுக்குள் போய்விட்டான். மணி ஏழே கால்தான். நீங்கள் எழுதியது நினைவுக்கு வந்தது. பிள்ளைகள் மட்டும் என் தம்பியோடு மேலே போனார்கள், நாங்கள் இருவரும் அவனோடு மரத்தடியில் உட்கார்ந்து தண்ணீர் காட்டித் திரும்பிவிட்டோம். இப்போது அறையில் சிமெண்ட் தரையில் குறட்டை. ஒரு வருத்தம், மேட்டின் மேல் அவனோடு நிற்கும் போட்டோ கிடைக்கவில்லை.

மே 5, பகல் 12.30

நல்ல காரியம் செய்தீர்கள். ஏழே காலுக்கே நிழல் தேடினான் என்றால் அவனுக்கு இந்த எடையில் அவ்வளவுதான் இன்றைக்குத் தாங்கும். மார்கழியில் நாலைந்து கிலோ குறைத்துக் கூட்டிப் போங்கள், அதே மேட்டில் பதினொரு மணி வரைக்கும் நிற்கலாம், பனியும் இருக்கும், போட்டோவும் நன்றாக வரும்.

எழுந்ததும் ஒரு வேலை இருக்கிறது. காப்பித் தோட்டப் புல்லில் உண்ணி நிறைய. காது மடலுக்கு உள்ளே, கால் விரலிடுக்கு, வாலடி, கழுத்துப் பட்டைக்கு அடியில் விரலால் தடவிப் பாருங்கள். கறுப்பு ரோமத்தில் கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத்தான் தட்டுப்படும். கடித்துப் பிடித்திருந்தால் நசுக்காமல் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். இரண்டு மூன்று வாரத்துக்குள் சாப்பாடு குறைந்தாலோ காய்ச்சல் வந்தாலோ ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். மலைக்குப் போய் வந்ததையும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.